ஒன்பது வயதில் சொன்ன பாவம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால், எந்த இடத்தில் எந்த எழுத்து என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வெட்கப்பட்டதைத்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாரிசுக்கு வெளியே சார்செலில் இருந்து சனிக்கிழமைகளில் லாச்சப்பல் தமிழ்க்கடைகளுக்கு மரக்கறி வாங்க வருவோம். போன மாதம் ஒருநாள் கடையில் நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்க, மகள் தன் லிசே பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு கதையைத் தாய்க்குச் சொன்னாள். எழுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒரு கவிஞர் இருந்தாராம். ஒன்பது வயதில் ஒரு சிறுமியைக் கண்டாராம். வளர்ந்த பிறகு தெருவில் அவள் ஒருமுறை வணக்கம் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்ததாம். அவள் இளம் வயதிலேயே இறந்துபோனாள். அந்த அன்புதான் தன் ஆத்துமாவுக்குக் கடவுளிடம் வழி காட்டியது என்று அவர் எழுதிவைத்தாராம்.

“செ போ!” என்று பிரெஞ்சில் அதன் அழகை வியந்துவிட்டு, மகள் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்களும் சின்னனிலை ஆரையாவது அப்பிடிப் பாத்தனீங்களோ?”

“கொப்பரோ?” மனைவி முந்திக்கொண்டாள். “என்னைப் பொம்பிளை பாக்க வந்தண்டைக்கே நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்த மனுசன்.”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து, இல்லை என்றேன். அது பொய்.

எனக்கும் அப்போது ஒன்பது வயது. மன்னாரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல் நன்மைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்த வகுப்பு நடந்தது. பெண்பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எதிர்ப் பாயில் இருந்த ஒருத்தி என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பாள். நான் திருப்பிச் சிரித்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே தலையை இழுத்துச் சீவிக்கொண்டு முதல் ஆளாகப் போவேன். ஆத்துமா வெள்ளைத் துணி மாதிரி, பாவம் செய்தால் கறை படும் என்று வகுப்பெடுத்த சிஸ்டர் சொல்லித்தந்தார். அவளைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது கறையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன்.

நன்மைக்கு முதல்நாள் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். முழந்தாளிட்டு மெல்லச் சொன்னேன். சுவாமியாருக்குக் காது மந்தம்.

“பலத்துச் சொல்லு மோனை.”

கண்ணை மூடிக்கொண்டு பலத்துச் சொன்னேன், அவளுடைய பெயரோடு: அவளைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசை என்று. வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அது பாவமில்லை. வேறை என்ன செய்தனீ?”

வேறு ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. மாமி வீட்டில் முட்டை களவெடுத்தேன் என்று இல்லாததைச் சொன்னேன். அதற்கு நல்ல ஏச்சு விழுந்தது. எழும்பி வந்தால் பெடியள் சுற்றிக்கொண்டார்கள்.

“மாப்பிளை வாறார், வழி விடுங்கோடா!”

பெண்பிள்ளைகளின் வரிசையில் அவளும் நின்றாள். சிரிக்கவில்லை.

மறுநாள் பவனிக்கு உயரம் பார்த்துச் சோடி சேர்த்ததில் அவள் என் பக்கத்தில் வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை, முக்காடு, கையில் எரிகிற மெழுகுதிரி. நான் என் புதுச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கோயில் வாசலில் பவனி சற்று நின்றபோது கேட்டாள்:

“என்னைப் பாத்ததைப் பாவமெண்டோ சொன்னனீ?”

“ஓம்,” என்றேன்.

பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. கொஞ்சக் காலத்தில் அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது. 2009இல் அங்கே நடந்த இறுதிப் போருக்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடமும் விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கவிஞர் தன் ஆத்துமாவுக்கு வழி என்று எழுதியதை, நான் கறை என்று முழந்தாளிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அன்று வாசலில், நான் ஓம் என்றதும் அவள் கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்தது. மெழுகு சொட்டிக் கை சுட்டுவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். என் திரியை அவளிடம் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

லாச்சப்பல்,
2013 கார்த்திகை (நவம்பர்) 2, ஆத்துமாக்கள் திருநாள்.