மச்சானுக்குப் போன யப்பான் சட்டி

இராஜநாயகத்துக்குப் பொறாமைக்குணம் என்று யாராவது சொன்னால் அவர் சண்டைக்கு வந்துவிடுவார். ஆனால் அவர் வேலைசெய்யும் வீட்டுக் கிழ டொக்டர் யப்பான் சட்டியொன்றைத் தூக்கி மச்சான் தனேஸின் கையில் கொடுத்த அன்று அவருக்கு வயிறு எரிந்த எரிவுக்கு வேறு பெயர் கிடையாது.

இத்தாலியின் பலெர்மோ நகரில் அந்த டொக்டர் வீட்டு மொட்டைமாடி நிறையப் போன்சாய்க் குட்டை மரங்கள். ஒவ்வொன்றும் யப்பானில் கையால் செய்த சட்டியில் நிற்கும். வீட்டைத் துடைத்து, மாடியைக் கழுவி, இராஜநாயகம் அங்கேதான் தலை நரைத்தார். கிடைத்தது என்ன? நத்தாருக்கு ஒரு கேக், மாசியில் ஒரு பை சியாகுல்லி ஊர் மந்தரின் தோடம்பழம். மனைவி மரியாவின் தம்பி தனேஸை அந்த வேலைக்குக் கூட்டிப்போனவரும் அவரேதான். தனேஸ் ஒருநாள் சட்டியொன்றின் அடியிலிருந்த முத்திரையைக் குனிந்து பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்டானாம். டொக்டர் உருகிப்போய், பூச்சில்லாத அந்தக் கபிலநிறச் சட்டியை அதிலிருந்த குட்டி ஒலிவ மரத்தோடு கொடுத்துவிட்டார்.

"கேட்டால் தருவினமெண்டு தெரிஞ்சிருந்தா நானும் கேட்டிருப்பன்," என்று வீட்டில் பொருமினார்.

"என்ரை தம்பிக்கு ரசனை இருக்கு," என்றாள் மரியா.

நகரின் பிரான்காச்சோ பகுதித் தொடர்மாடியில் தனேஸ் குடியிருப்பது இவர்களுக்கு நேர் மேலே. அவன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் சட்டியின் துளைகள் வழியாக இவர்களின் பல்கனியில் காயும் உடுப்பில் சொட்டும். நல்ல சாட்டுக் கிடைத்தது. தண்ணீர் தேங்கினால் ஒலிவ வேர் அழுகிவிடும் என்று டொக்டர் பலமுறை சொல்லக் கேட்டவர் இராஜநாயகம். தெரிந்துகொண்டேதான் மேலே போனார்.

"அக்காவின்ரை உடுப்பெல்லாம் நனையுது. அடியிலை இருக்கிற ஓட்டையளை அடைச்சுவிடும்."

"மரத்துக்கு ஒண்டும் செய்யாதோ அத்தான்?"

"எத்தினை வருசமா நான் உதுகளைப் பாக்கிறன்! ஒண்டும் செய்யாது."

தனேஸ் வைன் போத்தல் தக்கையைச் செதுக்கி அடைத்தான். இலைகள் மஞ்சளாகின. இராஜநாயகம் பல்கனியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவனோ, மரம் வாடுகிறதென்று இன்னும் தண்ணீர் ஊற்றினான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து தனேஸ் சட்டியை அணைத்துக்கொண்டு கீழே வந்தான்.

"என்ரை கையிலை இது செத்துப்போகும் அத்தான். உங்களுக்குத்தான் உதின்ரை பக்குவம் தெரியும். நீங்களே வைச்சிருங்கோ. டொக்டரிட்டையும் சொல்லிப்போட்டன்."

அவன் படியேறியதும் இராஜநாயகம் தக்கைகளைப் பிடுங்கினார். நாற்றத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. அழுகிய வேரை வெட்டி, மண்ணை மாற்றி, கீழே ஒரு தட்டும் வைத்தார். வெயில் ஏறிய நாட்களில் மரம் துளிர்த்தது.

கோயிலில் கண்டவரிடமெல்லாம் தனேஸ் இந்த மரத்தின் கதையைத்தான் சொன்னான். தெரிந்த குடும்பமொன்றை மரம் பார்க்கவென்று அத்தான் வீட்டுக்கே கூட்டிவந்தான்.

"செத்த மரத்தை அத்தான் எழுப்பிப்போட்டார், பாருங்கோ!"

"இவ்வளவு வடிவான சட்டியைக் குடுக்க உமக்கு மனம் வந்ததோ?" என்று வந்த பெண் கேட்டாள்.

"ஏன் வராது? அத்தான்தானே," என்று தனேஸ் சிரித்தான்.

இராஜநாயகம் சட்டியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். இப்படி ஒன்றைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்கத் தன்னால் ஒருநாளும் முடியாது என்று அவருக்குத் தெரியும். அவன்மேல் முன்னெப்போதையும்விட அதிகமாகப் பொறாமைப்பட்டார்.