காபி போட்டவரைக் கூப்பிடுங்கள்!

போன வருடம் வைகாசியில் நானும் என் கணவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம் போயிருந்தோம். எனக்கு நல்லூர், செல்வச்சந்நிதி முருகன் கோயில்களைப் பார்க்க வேண்டும். அவருக்குக் காபி குடிக்க வேண்டும்.

எங்களுக்கு ஊர் கோயம்புத்தூர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலரைத் தோட்டம் பிடித்துக்கொள்ளும், சிலரை அரசியல் பிடித்துக்கொள்ளும். இவரைக் காபி பிடித்துக்கொண்டது. கொட்டை எந்த ஊரில் விளைந்தது, எத்தனை அடி உயர மலை, ஒரே ஊர்க் கொட்டையா, பல ஊர்க் கலப்பா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் வாயில் வைப்பார். வைத்தாலும் நம்மைப் போலக் குடிக்க மாட்டார். 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, கண்ணை மூடி, "எலுமிச்சை தெரியுது, பலாச்சுளை தெரியுது" என்பார். எனக்குக் காபிதான் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள நல்ல காபிக் கடைகளைத் தேடிப் பிடிப்பதும், காபி போட்டவரை வெளியே வரவழைத்துப் பாராட்டுவதும் அவர் வழக்கம்.

யாழ்ப்பாணத்தில் அந்த வழக்கம் திண்டாடியது. அங்கே பெரும்பாலும் தேநீர்தான். ஒரு கடையில் மெஷின் பழுது. இன்னொரு கடையில் நுரை மேல் அழகாக இலை வரைந்து கொடுத்தார்கள். "எவ்வளவு உயரத்துல விளைஞ்சது?" என்று இவர் கேட்டதற்கு, அந்தத் தம்பி கோப்பையின் உயரத்தைக் கையால் அளந்து காட்டினார். எங்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய ஆட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோப்பிக்கோ ஐயா இவ்வளவு அலைச்சல்? எங்கடை வீட்டுக்கு வாங்கோ, என்ரை மனிசி நல்ல தேத்தண்ணி போடுவா" என்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை, நல்லூருக்கு அப்பால் ஒரு கடை இருப்பதாகப் போன் காட்டியது. வீட்டையே கடையாக்கியிருக்கிறார்கள், மாமர நிழலில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆட்டோ எங்களை ஒரு சந்தின் முனையில் இறக்கிவிட்டுப் போனது. கொஞ்ச தூரம் நடந்ததும், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று போன் சொன்னது.

கேட் விரியத் திறந்திருந்தது. தண்ணீர் தெளித்த முற்றம். மாமரம். அதன் நிழலில் பிரம்பு நாற்காலிகள், வெள்ளைத் துணி விரித்த மேஜை, மேஜை மேல் பூ. பெயர்ப் பலகைதான் இல்லை. "நல்ல கடைக்காரங்க போர்டு வெக்க மாட்டாங்க" என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

வேட்டி சட்டையில் ஒருவர் ஏறக்குறைய ஓடியே வந்தார்.

"வாங்கோ, வாங்கோ! வழி கண்டுபிடிக்கக் கரைச்சலோ?"

"இல்லீங்க, போன் நேரா கொண்டாந்து விட்டிருச்சு."

"அண்ணை இந்தியாவிலையிருந்துதானே?"

"ஆமாங்க! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஏதோ பெரிய நகைச்சுவையைக் கேட்டவர் போல அவர் சிரித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சை, வந்திட்டினம்!" என்று குரல் கொடுத்தார். வாடிக்கையாளர் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படும் கடையை நான் பார்த்ததில்லை. அவர் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "களைச்சுப் போனியள்" என்றார். கேட்காமலேயே முறுக்கும், நம் அதிரசம் போன்ற அரியதரமும், வாழைப்பழமும் தட்டுத் தட்டாக வந்தன. ஜன்னல் திரை அடிக்கடி விலகி விலகி மூடியது. சமையலறை ஆட்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன குடிக்கிறியள்? தேத்தண்ணியோ, கோப்பியோ?"

"காபிதாங்க! அதுக்குத்தானே கடல் தாண்டி வந்திருக்கோம்."

"அண்ணை சரியான பகிடிக்காரர்" என்று அவர் மறுபடி சிரித்தார். அந்த அம்மா உள்ளே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். என் கணவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"வர்றதுக்குள்ள ரெண்டு விஷயம் கேட்டுக்கறேனுங்க. ஒரே ஊருதானா, இல்ல, கலப்பு ஏதாச்சும் இருக்கா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "கலப்போ? எங்கடை பக்கம் தலைமுறை தலைமுறையா இந்த ஒரே ஊர்தான் அண்ணை. கலப்பெண்ட கதைக்கே இடமில்லை. தரகர் சொல்லேல்லையோ?"

காபிக் கொட்டைக்குத் தரகர் இருப்பது இயல்புதானே? இவர் கையை வீசி, "தரகர் பேச்சையெல்லாம் நான் நம்பறதில்லீங்க. நேர்ல கேட்டாத்தான் உண்மை தெரியும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குக் கலப்பும் பிடிக்கும். ஒண்ணுல இல்லாததை இன்னொண்ணு சரிக்கட்டிரும். தாராளமா கலக்கலாம்ங்கறதுதான் என் கட்சி."

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. அந்த அம்மா அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"வேறை என்ன தெரிய வேணும், அண்ணை?"

"உயரம் எவ்வளவுங்க?"

அந்த அம்மா தயங்கித் தயங்கி, "அஞ்சேகால்" என்றார்.

"அஞ்சேகாலா!" இவர் தாமாகவே 'ஆயிரம் அடி' என்று சேர்த்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அவ்வளவு உயரம் இங்க கிடைக்கும்னு நான் எதிர்பார்க்கவே இல்லீங்க!"

ஐந்தேகால் அடிக்கு இவ்வளவு ஆச்சரியமா என்று அந்த அம்மாவுக்குக் குழப்பம். ஆனாலும் முகம் மலர்ந்தது. எழுந்து போய் அவரே காபியைக் கொண்டுவந்தார்.

இவர் 'சர்ர்' என்று உறிஞ்சினார். வேட்டிக்காரர் திடுக்கிட்டார். இவர் கண்ணை மூடினார், வாய்க்குள் உருட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, "யாருங்க போட்டது?" என்றார்.

"எங்கடை மகள்தான்."

"அப்ப அவங்களைக் கூப்பிடுங்க. அவங்களை நேர்ல பாக்காம நான் இங்கிருந்து எந்திரிக்கப் போறதில்லை."

"அதுக்கென்ன, அதுக்குத்தானே!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் வளையல்கள். அப்படி ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலகத்தில் எந்தக் கடையிலும் காபி போடுகிறவர் இப்படி வருவதில்லை. நானும் ஒரு காலத்தில் இதே போல வாசலில் வந்து நின்றவள்தான். என் கணவரின் தொடையில் கிள்ளினேன். "கொசு இருக்கு போல" என்று தட்டிவிட்டு அவர் தொடர்ந்தார்.

"கொட்டையை வறுத்தது யாரும்மா?"

"நான்தான். அம்மாட்டை விட்டால் கருக்கிப்போடுவா."

"சபாஷ்! கூட என்ன சேத்தீங்க?"

"மல்லியும் வேர்க்கொம்பும்." வேர்க்கொம்பு என்றால் நம் சுக்கு. "கனக்கப் போடக்கூடாது. கோப்பியின்ரை மணம் போயிடும்."

"இந்தப் பதம் வர்றதுக்குள்ள எத்தனை தடவை கெட்டுப் போயிருக்கும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கணக்கில்லை. பழுதாப்போன கோப்பியெல்லாம் அப்பாதான் குடிச்சவர்."

"இதை விட்டுறாதீங்கம்மா. வெளிநாடு அது இதுன்னு யாராச்சும் கூப்பிட்டா போயிறாதீங்க. இங்கேயே பெருசா பண்ணுங்க. உங்களுக்கு என்னதான் ஆசை, சொல்லுங்க."

அப்பாவின் முகம் வெளுத்தது. வரவிருந்த மாப்பிள்ளைக்கு வேலை கனடாவில் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணோ இவரையே ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொந்தமா ஒரு கோப்பிக்கடை போடத்தான் விருப்பம் அங்கிள். ஆனால் இதுவரைக்கும் வந்த ஆக்கள் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை." பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நீங்கள் மாப்பிளையின்ரை சித்தப்பாதானே?"

"எந்த மாப்பிள்ளை?" என்றார் என் கணவர்.

நான் எழுந்து நின்று, "மன்னிச்சிருங்க, இது காபிக் கடைன்னு நெனச்சு வந்துட்டோம்" என்றேன்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்குச் சென்னையில் சித்தப்பா, சித்தி இருக்கிறார்கள். அவர்களும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் அதற்கு முன் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இந்தியத் தமிழ் பேசிக்கொண்டு இரண்டு பேர் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னால் உள்ளே வந்தால், சித்தப்பாவும் சித்தியும்தான், மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையில் வைத்த பூ குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சந்துக்குள் ஒரு வேன் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஐயோ, அவை வந்திட்டினம்!" என்று அப்பா பதறினார். "இவை ஆரெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வேறை மாப்பிளைப் பகுதி வந்திருக்கெண்டெல்லோ நினைப்பினம்!"

பாதி தின்ற பலகாரத் தட்டுகளுடன் நாங்கள் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் எவருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். காபி குடிக்கப் போய் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே! "பின்பக்கமா போயிடறோம்" என்றேன். என் கணவர் பின்மதிலைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

முடிவெடுத்தவள் அந்தப் பெண்தான். "ஒரு இடமும் போகவேண்டாம். இருங்கோ. இந்தியாவிலையிருந்து வந்த எங்கடை மாமாவும் மாமியும் எண்டு நான் சொல்லுறன்."

இப்படியாக, ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளையின் சித்தப்பா பெண்ணின் மாமாவாக மாறினார். மாப்பிள்ளையோடு வேனில் வந்த உண்மையான சித்தப்பா எதிரில் அமர்ந்து, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "காபிப் பக்கம்ங்க" என்று இவர் வாய் தவறிவிட்டார். "கோயம்புத்தூர்ப் பக்கம்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அதன் பிறகு பேச்சு ஓடியது. விமானம், கனடாப் பனி, கோயில் திருவிழா, யாருக்கு யார் என்ன உறவு. எல்லாம் அப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் நடுவில்தான். அந்தப் பெண் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். மாப்பிள்ளை மாமரத்து அணிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது. என் கணவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"தம்பி, ஆறுதுங்க."

"நான் கோப்பி குடிக்கிறேல்லை. குடிச்சால் நித்திரை வராது."

ஏதோ துக்கச் செய்தி கேட்டது போல என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது யாரும் எதிர்பாராமல் அந்தப் பெண் பேசினாள்.

"அப்ப என்ன குடிப்பியள்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. மாப்பிள்ளை முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "தேத்தண்ணி. நானே போடுவன்."

"நல்லாப் போடுவியளோ?"

அவர் யோசித்தார். "இல்லை" என்று உண்மையைச் சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். "நான் ஒண்டு கேக்கட்டோ? எனக்குச் சொந்தமாக் கடை போட விருப்பம். அது உங்களுக்கு ஓமோ?"

அவள் அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையோ நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, "என்ன கடை?" என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். மற்றவர்கள் அரியதரம் தின்றார்கள். சற்று நேரம் கழித்து, கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி நாங்கள் எழுந்துகொண்டோம்.

அப்பா கேட் வரை வந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நீங்கள் அந்தக் கலப்பெண்டு கேட்டது..." என்று இழுத்தார்.

"காபியைங்க."

ஒரு நிமிடம் விழித்தார். பிறகு கேட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது குரல் மாறியிருந்தது. "பழுதாப்போன கோப்பியெல்லாம் நான்தான் குடிச்சனான். கடை போட விருப்பமெண்டு பிள்ளை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கேட்டதுமில்லை" என்றார்.

நாங்கள் தேடிப் போன கடை அதே சந்தில் சற்றுத் தள்ளி இருந்தது. அன்றைக்கு விடுமுறை. என் கணவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். நிறைய நாள் போனில் பேசிப் பார்த்துத்தான் இருவரும் சம்மதித்தார்களாம். கடை கனடாவிலா, யாழ்ப்பாணத்திலா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லையாம். அவர் இன்னும் காபி குடிப்பதில்லையாம்.

இந்தக் கதையை நாங்கள் சொல்லாத வீடு இல்லை. சொல்லும்போதெல்லாம் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் கடை என்று தப்பாக நினைத்ததால்தான் அந்தப் பெண்ணிடமே நேராகப் பேசினோம், வீடு என்று தெரிந்து போயிருந்தால் நாங்களும் அவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டு அவள் அப்பாவிடம்தான் பேசியிருப்போம் என்ற எண்ணம் வரும்போது மட்டும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.