வர்ஷினியின் முழுக்கைச் சட்டைகள்

மலேசியாவின் ஜொகூரில் பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். தூத்துக்குடியில் ஆறரை மணிக்கெல்லாம் வெயில் வாசலில் இறங்கிவிடும். இங்கே ஏழு மணி நெருங்கியும் தெருவிளக்கு அணைவதில்லை. பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிவந்த புதிதில், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வேனில் ஏறி மறைவதைச் சன்னலில் நின்று பார்ப்பேன். யாரும் அழுவதில்லை, கையாட்டுவதில்லை. கதவு இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு இரண்டு சிவப்பு விளக்குகள் தெருமுனையில் திரும்பும். என் மகளும் அப்படி ஒரு வேனில் ஏறத் தொடங்கியபோது, 'இது இந்த ஊர் வழக்கம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த ஊரில் எதையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் போட்டு மூடிவிடுகிறோம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

வர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. சந்தோஷமானால் இரண்டு கைகளையும் காதுக்குப் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரு ராகம் இழுப்பாள். ஊரில் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் எல்லோரும் திரும்பினார்கள். மூன்று பள்ளிகள் மாற்றினோம். மூன்றிலும் 'மத்த பிள்ளைங்க பயப்படுதாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். என் அக்கா மகளின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் நேரத்தில், அவளை மாடி அறையில் விட்டுக் கதவைப் பூட்டினேன். யாரும் என்னைப் பூட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் பூட்டினேன். கீழே பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கதவு தட்டும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. என் கணவருக்கு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை கிடைத்தபோது, நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர் என்பதுதான் எனக்கு முதல் ஆறுதலாக இருந்தது.

அவள் வயதுப் பிள்ளைகள் இங்கே படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில், சேர்ந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டவரான எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எட்டு மாதம் அலைந்த பிறகு, வேனில் அரைமணி நேரத் தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்த தனியார் மையம் அவளை எடுத்துக்கொண்டது. சுத்தமான இடம். சுவரெல்லாம் படங்கள். மையத்தின் தலைவி சிரித்த முகத்தோடு மலாயில் ஒரு படிவம் கொடுத்தார். பிள்ளை பதற்றமடைந்தால் வீட்டில் எப்படி அமைதிப்படுத்துவீர்கள் என்று ஒரு கேள்வி. வர்ஷினியை நன்றாக இறுக்கிக் கட்டிப்பிடித்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவாள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் நானும் மலாய் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று காட்ட ஆசை. கைப்பேசியில் சொல் சொல்லாகத் தேடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவி அதை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "போலே?" என்றார். செய்யலாமா என்று கேட்கிறார். ஒரு பிள்ளையைத் தொடுவதற்குக்கூட அனுமதி கேட்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், "போலே, போலே" என்று தலையாட்டினேன்.

தினமும் பையில் ஒரு குறிப்பேடு வரும். முதல் வாரம் 'அழுதாள்', 'ஓடினாள்' என்று இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரே வரி: 'டுடோக் டியாம். பாகுஸ்.' அமைதியாக உட்கார்ந்தாள், நன்று. அந்த வரியைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம், வேனில் பிள்ளைகளோடு வரும் உதவியாளர் பரமேஸ்வரி, வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா, நாளையிலேருந்து முழுக்கை சட்டை போட்டு அனுப்பச் சொன்னாங்க. ஏர்கோன் ரொம்ப சில்லுன்னு இருக்காம்."

பரமேஸ்வரி பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். வந்த முதல் நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நான் அன்றைக்கே போய் ஐந்து முழுக்கைச் சட்டைகள் வாங்கினேன். மணிக்கட்டில் இறுக்கமாகப் பிடிக்கும் கையாகப் பார்த்து வாங்கினேன், குளிர் ஏறாமல் இருக்குமே என்று.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. ராகம் நின்றது. கைகள் படபடப்பது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தோசை போட்டு அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், நாற்காலி முதுகுக்குப் பின்னே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து எதற்கோ காத்திருந்தாள்.

"பாத்தியா, எம்புட்டு அடக்கமா இருக்கா," என்றார் என் கணவர் பூரிப்போடு. "ஊர்ல இத யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் சிரித்தேன். ஆனால் தோசையைப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோன என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள் கைகளை முன்னால் எடுக்கவேயில்லை. எடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. அன்று மாலை குளிப்பாட்டும்போது மணிக்கட்டுகளைத் தடவிப் பார்த்தேன். இரண்டிலும் சிவந்த கோடு. சட்டைக் கை அழுத்திய தடம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. அந்த மையத்தை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை.

மறுநாள் வேன் வந்ததும் பரமேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அங்கே என்ன நடக்குது?"

அவள் ஓட்டுநர் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அக்கா. என் வேலை போய்டும். பத்து மணிக்கு மேல ஒருநாள் வாங்க. சொல்லாம கொள்ளாம வாங்க லா."

அன்றைக்கே போனேன். படியேறும்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. முன்னறையில் சில பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நோரா என்ற இளம் ஆசிரியை என்னைப் பார்த்து எழுந்து, "புவான், இன்றைக்கு அவள் ரொம்ப நல்ல பிள்ளை" என்று, 'அம்மா' என்பதற்கான அந்த ஒரு மலாய் மரியாதைச் சொல் தவிர மற்றதை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பில் கள்ளம் இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. நான் நேராகக் கடைசி அறைக்குப் போனேன்.

வர்ஷினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாத்திக் துணியைப் பட்டையாகக் கிழித்து, சட்டைக் கையின்மேல் சுற்றி, நாற்காலி முதுகோடு கட்டியிருந்தார்கள். வலிக்காத மாதிரி, நிதானமாக, அழகாகப் போட்ட முடிச்சு. கீழே ஈரம். காலடி கேட்டும் அவள் திரும்பவில்லை.

நான் கத்தியதில் எந்த மொழி இருந்தது என்று தெரியாது. நோரா ஓடிப்போய் ஒரு காகிதக் கோப்பு எடுத்து வந்து விரித்துக் காட்டினார். என் படிவம். என் கையெழுத்து. அந்தக் கேள்விக்குக் கீழே, நான் பெருமையோடு எழுதிய மலாய்: 'இக்காட், பெகாங்.' கட்டு, பிடி. கட்டிப்பிடிப்பதை இரண்டாக உடைத்துத் தேடியதில், கயிற்றால் கட்டும் சொல் அல்லவா எனக்குக் கிடைத்திருக்கிறது.

"புவான்தான் எழுதினீங்க. போலேன்னு சொன்னீங்க," என்றார் நோரா. "இவளை முதல் நாள் கட்டினப்ப நான் அழுதேன்."

நான் முடிச்சை அவிழ்த்து என் மகளை அள்ளி இறுக்கிக்கொண்டேன். அவள் உடம்பு மரக்கட்டைபோல இருந்தது. கைகள் இன்னும் பின்னாலேயே இருந்தன. "இது," என்றேன் நோராவிடம். "நான் சொன்னது இது."

நோரா வாயைப் பொத்திக்கொண்டார். "பெலோக்," என்றார் மெதுவாக. "புவான், இதுக்குப் பேரு பெலோக்."

அந்த ஒரு நிமிடம் எல்லாப் பழியும் என் தலையில் விழுந்தது. தாங்கிக்கொண்டு அப்படியே வெளியேறியிருப்பேன். வாசலில் திரும்பியபோதுதான் மற்றதைப் பார்த்தேன். அந்தச் சுவரோரம் இன்னும் இரண்டு நாற்காலிகள். இரண்டின் முதுகிலும் துணிப்பட்டைகள் தொங்கின, நிறம் வெளுத்து, பலநாள் பழகியவை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எந்தச் சொல்லைத் தவறாக எழுதினார்கள்? என் பிழை மையத்துக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். வழக்கம் எனக்கு முன்பே அங்கே இருந்தது.

"பொழைக்க வந்த எடத்துல போலீசு கீலீசுன்னு போனா, நாளைக்கு வேலை பாஸ் புதுப்பிக்கிறப்ப என்ன ஆகும்?" என்றார் கணவர் அன்று மாலை. "பிள்ளைய நிறுத்தியாச்சு. விட்டுரு."

"ஊர்ல நான் இவள மாடியில பூட்டுனப்பவும் இப்படித்தான் எல்லாரும் விட்டாங்க," என்றேன். மறுநாள் அவர் விடுப்புப் போட்டு என்னோடு நலத்துறை அலுவலகத்துக்கு வந்தார். மணிக்கட்டுகளைப் படம் எடுத்தார்கள். என் படிவத்தைப் பற்றியும் நானே சொன்னேன். நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணின் தாய் சல்மாவைத் தேடிப்பிடித்து, என் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவரும் போய் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது பிள்ளையின் வீட்டார் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

மையம் மூடப்பட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. ஆயர் ஈத்தாம் பக்கம் வேறு பெயரில் ஒன்று திறந்திருக்கிறது, அதே தலைவிதான் என்கிறாள் இப்போது வேலையில்லாத பரமேஸ்வரி. அதையும் எழுதிக் கொடுத்தோம். இதுவரை பதில் இல்லை. சல்மாவும் நானும் முறை வைத்து, இரண்டு பெண்களுக்கும் எங்கள் வீடுகளிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். பொத்தான் போடுவது, படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பது. வர்ஷினியின் கைகள் முன்னால் வர இரண்டு மாதம் ஆனது. படபடப்பு இன்னும் வரவில்லை.

போன வாரம் அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வர்ஷினி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துத் தன் பக்கத்துத் தரையைத் தட்டி, "சினி" என்றாள். பதின்மூன்று வருடத்தில் முதல் சொல். மலாயில் 'இங்கே' என்று அர்த்தம்.

"யாருட்டி அது? வர்ஷியா? சீனியா கேக்கா?" என்று தூத்துக்குடியில் அக்கா அழத் தொடங்கிவிட்டாள். "ஒரு கை அள்ளிக் குடேன், பாவி!"

"குடுக்கேன்க்கா," என்றேன். சல்மா வீட்டில் அவர் மகளைக் கூப்பிடும்போது கேட்ட சொல்லாக இருக்கலாம். அல்லது அந்தக் கடைசி அறையில், நாற்காலியைக் காட்டி யாரோ தினமும் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். கேட்டால் சொல்ல அவளிடம் இரண்டாவது சொல் இல்லை. காதில் அக்கா சீனி, சீனி என்று ஊரையே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, என் மகள் தட்டிக் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தேன்.