இருந்தது ஒரே ஃபேன்

2009ஆம் வருஷக் கோடை. சிதம்பரத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். பேச ஆள் கிடையாது, கம்ப்யூட்டரை நோண்டுவதுதான் பொழுதுபோக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிராசஸரின் வேகத்தை அதற்குரிய அளவுக்கு மேல் கூட்டிவிட்டு, தாங்குகிறதா என்று சோதனை ஓட்டிக்கொண்டிருந்தேன். சூடு ஏறினால் நின்றுவிடும். அதனால் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி, இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பியிருந்தேன். திரையில் சூட்டின் அளவையே பார்த்தபடி வியர்வையில் நனைந்துகொண்டிருந்தேன்.

துணி எடுக்க மாடிக்கு வந்த கீழ்வீட்டு அக்கா ஜன்னல் வழியே பார்த்து நின்றுவிட்டார். அதுவரை என்னிடம் பேசியதே இல்லை.

“ஏம்ப்பா, பொட்டிக்கு ஃபேனப் போட்டுட்டு நீ வெந்துகிட்டுக் கெடக்குற?”

“சூடானா நின்னுடும்க்கா.”

“அது நின்னா நீ பார்த்துப்ப. நீ மயங்கி விழுந்தா யாரு வந்து பாக்குறது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். துணியோடு இறங்கிப் போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஃபேனை என் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. நின்றால் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன். அறைக் கதவை மட்டும் அன்றிலிருந்து பகலில் சாத்துவதில்லை.