மூத்தவளை எண்ணாத நாள்

பாரிஸிலை லாச்சப்பலுக்கு வந்து ரெண்டு வருசமாகியும் எனக்குப் பிரெஞ்சு ஏறேல்லை. அதாலை 2012இலை, மெற்றோவுக்குப் பக்கத்திலை நடந்த பின்னேர வகுப்புக்குப் போனன். வகுப்பிலை பாதி சீனாக்காரர், பாதி ரஷ்யாக்காரப் பொம்பிளையள். தமிழெண்டு நான் ஒருத்திதான்.

ஒருநாள், "கூட, குறைய" சொல்லப் பழக்கிறதுக்கு ரீச்சர் பலகையிலை அட்டவணை கீறினா. வயசென்ன, ஆரோடை வந்தது, பிள்ளையள் எத்தினை. பிள்ளையளுக்கு மட்டும் ரெண்டு நிரல்: "இஞ்சை", "ஊரிலை".

சீனாக்காரர் முக்கால்வாசிப் பேரும் முப்பது முப்பத்தைஞ்சு வயசிலை புருசன் பெண்சாதியாய் வந்தவை. தையல், சாப்பாட்டுக்கடை எண்டு ரெண்டுபேரும் வேலை. பிள்ளையள் ஊரிலை மாமியாரோடை. ரஷ்யாக்காரியள் நாப்பது தாண்டினவை, நல்லாப் படிச்சவை. ஒருத்தி என்ஜினியராம், இஞ்சை வீடு கூட்டுறா. ஆளுக்கு ஒரு பிள்ளை, அதுவும் இஞ்சை தங்களோடை. புருசன்மாரைப் பற்றி ஒருத்தியும் வாயே திறக்கேல்லை. "ரஷ்யரை விடச் சீனருக்குப் பிள்ளையள் கூட" எண்டு எல்லாரும் ராகம் போட்டுச் சொன்னம்.

எனக்குப் பக்கத்திலை இருந்த சீனாக்காரி ஆறுமாசக் குழந்தையையும் ஊருக்கு அனுப்பிப்போட்டாளாம். சீ, என்ன கல்நெஞ்சுக்காரி எண்டு மனசுக்குள்ளை திட்டினன். ஆக்களைக் குறை சொல்லுறதெண்டால் எனக்குப் பிரெஞ்சு தேவையில்லை.

பிறகு என்ரை முறை. நான் பெத்தது மூண்டு. மூத்தவள் வன்னியிலை, கடைசிச் சண்டைக்குள்ளை சனம் நெரிபட்டு ஓடேக்கை என்ரை கையை விட்டவள். அப்ப பதினைஞ்சு வயசு. உயிரோடை இருக்கிறாளோ இல்லையோ, இண்டைக்கும் தெரியாது. அவளை "இஞ்சை" போடுறதோ, "ஊரிலை" போடுறதோ? எங்கை எண்டு கேட்டால் சொல்ல என்னட்டைப் பிரெஞ்சும் இல்லை, தெம்பும் இல்லை. ரீச்சர் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"ரெண்டு" எண்டன். "ரெண்டும் இஞ்சை."

அவ எழுதிப்போட்டு அடுத்த ஆளிட்டைப் போயிட்டா. பக்கத்திலை இருந்த சீனாக்காரி மூக்கைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னாள்: "மூண்டு. மூண்டும் ஊரிலை." ஒண்டைக்கூட விடேல்லை. ஐயோ, எனக்கு வந்த வெக்கம்!

ரீச்சர் அந்த அட்டவணையை அடிச்சுத் தந்த தாளை வீட்டிலை மேசையிலை போட்டிட்டன். என்ரை கடைசி, பத்து வயசுக்காரி, அதை எடுத்துப் பாத்தாள். எங்களோடை அவள் பிரெஞ்சிலைதான் கதைக்கிறவள்.

"அம்மா, இது பிழை. நாங்கள் மூண்டு பேர்."

"வகுப்புக்குத்தானே பிள்ளை. அக்காவின்ரை கதையை அவைக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?"

தாளைத் திரும்ப மேசையிலை வைச்சிட்டுத் தமிழிலை கேட்டாள்: "அப்ப நானும் துலைஞ்சு போனால், உங்களுக்கு ஒரு பிள்ளையெண்டு சொல்லுவியளோ?"

"இல்லையடி செல்லம்" எண்டு கட்டிப்பிடிக்கப் போனன். அவள் தள்ளி நிண்டு, என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தாள்.