கீழ்ப்பக்கம் தூக்குகிறவர்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் என் அக்காவின் கணவருக்குத் தூண் என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் உயரத்துக்கும் அகலத்துக்கும் அது பொருந்திப்போக, கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் தூக்குவது அத்தானின் வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடங்களிலும், லிஃப்ட் இருந்தும் ஸ்ட்ரெச்சர் நுழையாத கட்டடங்களிலும் நோயாளியைப் படி வழியாகத்தான் இறக்க வேண்டும். இறங்கும்போது பாரமெல்லாம் கீழ்ப்பக்கம் பிடித்தவர் மேல் சாயும். கீழ்ப்பக்கம் எப்போதும் அத்தான்தான். மேல்பக்கம் அவருடைய கூட்டாளி, அவரை அண்ணா என்று கூப்பிடும் ஒல்லியான பெண்.

படியில் இறங்கும்போது நோயாளிகள் பயந்துபோய்க் கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடிப்பார்கள். உயிர் மேல் ஆசை, யாரைக் குறை சொல்ல? ஆனால் அப்படிப் பிடித்தால் ஸ்ட்ரெச்சர் ஒருபக்கம் இழுபட்டு மூன்று பேரும் உருள வேண்டியதுதான். அதனால் முதல் படியில் கால் வைக்குமுன் அத்தான் எல்லோரிடமும் ஒன்றே சொல்வார்: "எதையும் பிடிக்காதீங்க. பாரத்தை எங்கிட்ட விட்ருங்க. கீழ போட மாட்டேன்." அக்காவுக்கு இது மனப்பாடம். காய்கறிப் பையைக் கொடுக்கும்போதுகூட, "விட்டுட்டேன், கீழ போட்டுடாதீங்க" என்பாள்.

ஒரு மழைநாளில் ஈரத் தரையில் அவர் கால் திருகிக்கொண்டது. முழங்கால் வீங்கி, வடிந்தது. சரியாகிவிட்டது என்று வேலைக்குப் போனார். சில வாரம் கழித்து, ஒரு முதியவரை இறக்கும்போது, படிக்கட்டு திரும்பும் இடத்தில் அந்த முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிப்போனது. அத்தானின் தோள் சுவரில் முட்டி நின்றது. மேலே கூட்டாளி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னப்பா, வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

கூட்டாளி இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் அக்காவிடம் பாதி சொன்னார்: படி வழுக்கியதாம். ஆனால் அவர் லேசாக நொண்டுவதை நிலைய அதிகாரி பார்த்துவிட்டார். கால் உறுதி என்று எலும்பு டாக்டர் சொன்னால் படிக்கட்டு வேலை, இல்லையென்றால் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி என்றார். வாலிபத்திலிருந்து வேறு வேலை தெரியாத மனிதருக்கு அந்த நாற்காலி, உட்கார வைத்துப் பூட்டுவது போல.

நிலையத்து ஓய்வறையில் ஒருவர் அவருக்கு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். டாக்டர் காலை இழுத்துப் பார்க்கும்போது தொடையைப் பின்பக்கமாக இறுக்கிக்கொண்டால் போதும், எலும்பு அசையாது, ஒன்றும் தெரியாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று அத்தான் சிரித்தாராம். ஆனாலும் விடுமுறையில் வந்திருந்த நான் பார்த்தேன்: டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் தொடை இறுகும், தளரும், மறுபடி இறுகும். கேட்கப் பயமாக இருந்தது.

அக்காவுக்கு வேலை இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். டாக்டர் என் வயதுப் பெண். அத்தானைக் கதவு வரை நடக்கச் சொன்னார். பிறகு படுக்க வைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நல்ல காலை முதலில் எடுத்தார். எது சரி என்று தெரிந்தால்தான் எது கோளாறு என்று தெரியும் என்றார். ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் பக்கத்தை முன்னால் இழுத்தார். எலும்பு, கயிறு முடியும் இடத்தில் நிற்பது போல வெடுக்கென்று நின்றது.

அடுத்து நோவுள்ள கால். இழுத்தார், அசையவில்லை. மறுபடி இழுத்தார், கருங்கல். அத்தான் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தப்பித்துவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன்.

டாக்டர் எதையும் எழுதவில்லை. ஒரு போர்வையைச் சுருட்டி அவர் தொடைக்கு அடியில் வைத்தார். கொஞ்சம் காத்திருந்தார்.

"இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க" என்றார். "எதையும் பிடிக்காதீங்க. பாரத்தை எங்கிட்ட விட்ருங்க. கீழ போட மாட்டேன்."

அத்தான் கண்ணைக் கூரையிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"பயந்தவங்ககிட்ட மட்டும்."

அந்தக் கால் தளர்வதை நான் கண்ணால் பார்த்தேன். டாக்டர் மெல்ல இழுத்தார். எலும்பு முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. காலை இரண்டு கைகளாலும் தாங்கிக் கீழே வைத்தார். உள்ளே ஜவ்வு அறுந்திருக்க வேண்டும், ஸ்கேனில் உறுதிப்படுத்தலாம் என்றார். நடக்கலாம், ஆனால் ஒருவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. ஆபரேஷன் செய்தால் வேலைக்குத் திரும்ப முடியுமா என்று அத்தான் கேட்டார். சிலர் திரும்புகிறார்கள், உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து அத்தான் கூட்டாளிக்குப் போன் செய்தார். நாளையிலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு வேறு ஆள் கேட்கச் சொன்னார். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அந்தத் தாத்தாவை இறக்கின அன்னிலேருந்து ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைக் கையில சுத்திக்கிட்டுத்தான் தூக்கினேன், அண்ணா."

சுற்றியிருந்தால் கையை உதறி விட முடியாது. அவர் விழுந்தால் அவளும் கூடவே வந்திருப்பாள். அது அத்தானுக்குத் தெரியும். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மறு கையால் முழங்காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே சுத்தாதே" என்றார் கடைசியில். "கீழ நிக்கிறவனுக்குக் கால் சரியில்லேன்னா, அவன்கிட்டயே சொல்லிடு."