ஒரகடம் அருகே ஒரு பரலோகம்

காலாண்டுத் தேர்வு முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு சுவர் ஓவியத்தைப் பார்க்க அம்மாவும் நானும் குன்றத்தூரிலிருந்து ஒரகடம் பக்கம் போய் வந்தோம். அந்த வாரம் போகாவிட்டால் சுவரில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அவசரம். திரும்பும்போது வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு அம்மா துணைக்கு வந்தார்.

ஆசீர்வாதம் உபதேசியாரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. எங்கள் கிளை நூலகத்தில் அட்டை போன ஒரு சிறு நூலை எடுக்கும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. தெற்கே ஒரு கடலோர ஊர்ச் சபையில் வேதம் சொல்லிக்கொடுத்தவர். காய்ச்சலில் கிடந்தபோது பரலோகத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அங்கே யாருக்கும் இறக்கை இல்லை. நாள் முழுக்க யாரும் பாடிக்கொண்டும் இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் கை விரும்பும் வேலையைச் செய்கிறார்கள். ஓய்வு என்றால் வேலை நிற்பது அல்ல, பயம் நிற்பது என்பது அவருடைய கருத்து.

இந்த நூலைப் போதகர்களை விட ஓவியர்களும் கவிஞர்களும்தான் அதிகம் படித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பரலோகத்திலும் பனை ஏறும் ஒருவரைப் பற்றிக் கவிதை எழுதியவரைப் படித்தேன். உளி பிடித்த தேவதூதனைச் செதுக்கிய சிற்பியின் படம் ஒன்றைப் பார்த்தேன். அப்படித் தேடிக்கொண்டே போனபோது மெர்சி அக்காவின் வலைப்பக்கம் கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. அவருடைய ஒரு கவிதை இப்படி முடிகிறது: ‘அங்கே மணி அடிப்பதில்லை, கை போதும் என்கிறபோது போதும்.’ அதன் கீழே நான் ஒரு கேள்வி கேட்டேன். பதிலில், தன் அறைத்தோழி ரூபி அதே உபதேசியாரைப் படித்துவிட்டுச் சபைச் சுவரில் பரலோகத்தை வரைந்திருப்பதாகவும், அதை வைத்துக்கொள்வதா வெள்ளையடிப்பதா என்று வரும் ஞாயிறு சபை முடிவுசெய்யப்போவதாகவும் எழுதியிருந்தார்.

குன்றத்தூரிலிருந்து காலை 6.40 பேருந்து. சாதாரண நகரப் பேருந்து என்பதால் பெண்களான எங்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சுமார் 20 கி.மீ.; ஐம்பது நிமிடம் ஆனது. ஞாயிறாக இருந்தும் கம்பெனி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எல்லா ஜன்னலிலும் ஒரு நெற்றி சாய்ந்து தூங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் இட்லி (இருவருக்கும் 80 ரூபாய்), பிறகு ஒரகடம் கூட்ரோடு வரை ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 30 ரூபாய். கூட்ரோட்டிலிருந்து தனி ஆட்டோதான். 150 கேட்டவரை அம்மா 120க்கு இறக்கினார்.

“எந்த சர்ச்சு? தகர ஷீட்டு போட்டதா?” என்றார் ஓட்டுநர்.

“சுவத்துல பெருசா படம் இருக்குமாம்” என்றேன்.

“ஆங், யூனிஃபார்ம் போட்ட தேவதைங்க கீற சர்ச்சு. அத்த அழிக்கப் போறாங்கோ, தெரியுமா?”

“அதுக்குத்தான் போறோம்.”

“அழிக்கவா?”

“பாக்கத்தான்ப்பா” என்றார் அம்மா. “வண்டிய எடு.”

சபைப் பெயரைப் போட வேண்டாம் என்று மெர்சி அக்கா கேட்டுக்கொண்டார். வல்லக்கோட்டை போகும் வழியில், சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஐம்பது பேர் உட்காரலாம். பாதிப் பேர் ஊர்க்காரர்கள், மீதி ஹாஸ்டல்களில் தங்கி வேலைபார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள்.

ஓவியம் இடதுபக்கச் சுவர் முழுக்க இருக்கிறது. கூரை இல்லாத ஒரு நீண்ட கூடம். கடைசியில் இளமஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். கடவுளுக்கு உருவம் இல்லை. இருபத்து மூன்று பேர் வேலைசெய்கிறார்கள். ஒருவர் கூடை முடைகிறார், ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார், ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள், நடுவில் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டவள் பலகையில் ஒயர்களைக் கோக்கிறாள். முகங்கள் சுமார்தான். கைகளை மட்டும் அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார். ஒவ்வொரு நகமும் வேறு வேறு.

மெர்சி அக்கா அறிமுகம் செய்துவைத்த ரூபி அக்கா ஒல்லியாக, தூக்கக் கண்களோடு இருந்தார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார்.

“நாலு மாசம் ஞாயித்துக்கெழம பூரா இதுலதான் போச்சு” என்றார். “நோட்டுக்கு மேல பெருசா நான் எதையும் வரைஞ்சதே இல்ல பாத்துக்க. இத அழிச்சாவன்னா பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டு ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. பாக்கப் போயிருவேன்.”

“சும்மா சொல்லுதா” என்றார் மெர்சி அக்கா.

“சும்மா சொல்லல ஏட்டி” என்றார் ரூபி அக்கா. சிரிக்கவில்லை.

ஆராதனை 8.30க்குத் தொடங்கி 10.15க்கு முடிந்தது. மதியம் அங்கேயே எல்லோருக்கும் சாப்பாடு என்பதால் பின்பக்கம் சமையல் நடந்துகொண்டிருந்தது. அம்மா அங்கே போய் யாரும் கேட்காமலே வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். பாஸ்டர் எல்லோரையும் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்.

முதலில் பேசியவர் சபை மூப்பர். வெள்ளைச் சட்டை, அறுபது வயதிருக்கும். “நான் முப்பது வருஷம் ஆலையில ஒழச்சவன். செத்தா இளைப்பாறலாம்னு நம்பித்தான் இங்க வரேன். இதுல பாத்தா அங்கயும் வேலை. இதுக்கு எதுக்குங்க பரலோகம்?”

பின்வரிசைப் பையன்கள் விடவில்லை.

“அங்க ஜெனரல் ஷிஃப்டா, நைட்டு ஷிஃப்டா அக்கா?”

“சூப்பர்வைசர் யாரு, காபிரியேலா?”

“டேய், அங்கயும் நீ கான்ட்ராக்ட்தான்டா. பர்மனன்ட் ஆகமாட்ட.”

பாஸ்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரூபி அக்கா எழுந்து உபதேசியார் எழுதியதைச் சொன்னார்: கூலிக்குச் செய்யும் வேலை வேறு, கை ஆசைப்பட்டுச் செய்யும் வேலை வேறு. “படத்துல கடிகாரம் இருக்கான்னு பாருங்க. டார்கெட் போர்டு இருக்கான்னு பாருங்க. அத நான் வரையவே இல்ல.” நன்றாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் முகத்தில் மாற்றம் இல்லை. மூப்பர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். சுவர் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது எஸ்தர் அக்கா எழுந்து சுவர் அருகே போனார். உள்ளூர்க்காரர், வேறொரு கம்பெனியில் பதினோரு வருடமாக லைனில் நிற்பவர் என்று மெர்சி அக்கா என் காதில் சொன்னார். கணுக்காலில் நரம்புகள் சுருண்டு தெரிந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“ஏம்மா ரூபி. இன்னாம்மா இது, ஒருத்தர்கூட உக்காந்துகினு இல்லியே?”

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கூடை முடைபவர் நின்றுகொண்டு முடைகிறார். பஞ்சர் ஒட்டுபவர் சைக்கிளை மேசைமேல் ஏற்றிவிட்டு நிற்கிறார். குழந்தைக்காரியும் நிற்கிறாள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு பாய் இல்லை.

ரூபி அக்கா விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். “யக்கா” என்றார் கடைசியில், “எனக்குத் தோணவே இல்லியேக்கா.”

“எப்டித் தோணும்? எட்டு மணி நேரம் நிக்கற. எனக்கு வூட்டுக்குப் போனாலும் நின்னுகினுதான் சாப்ட வருது.” எஸ்தர் அக்கா மூப்பர் பக்கம் திரும்பினார். “ஐயா, வேலை இருக்கட்டும். உக்கார வெச்சா எனக்கு ஓகே.”

“இவங்கள எப்டிம்மா உக்கார வைப்ப? கால் எல்லாம் வரைஞ்சாச்சே?” என்றார் மூப்பர்.

“சொரண்டிரலாம் ஐயா” என்று ரூபி அக்கா உடனே சொன்னார். “முட்டிக்குக் கீழ சொரண்டிட்டுத் திருப்பி வரையணும். ஆனா மடங்குன கால் எனக்கு வராது. யாராவது உக்காந்து காட்டணும்.”

எஸ்தர் அக்காவையே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரூபி அக்கா தரையில் அமர்ந்து அவர் முழங்காலைப் பார்த்துத் தாளில் கோடு போட்டார். ஐம்பது பேர் பார்க்கிறார்கள். எஸ்தர் அக்கா புடவையை இழுத்துவிட்டார், வளையலைத் திருகினார், கையை மடியில் வைத்தார், எடுத்தார்.

“ஆடாதீங்கக்கா.”

“சும்மா குந்திகினு கீறது கஷ்டமா கீதும்மா. கைல எதனா குடேன்.”

பின்வரிசையில்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. மூப்பர் சிரிக்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். அம்மாவின் முன்னாலிருந்த வெங்காயத் தட்டையும் கத்தியையும் வாங்கிவந்து எஸ்தர் அக்கா மடியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கால் அசையவில்லை. தலையைக் குனிந்து வெங்காயம் உரித்தார். பத்து நிமிடத்தில் படம் முடிந்தது. வெங்காயம் முடியவில்லை என்று அவர் எழ மறுத்தார்.

“எல்லாரும் உக்கார்ற வரைக்கும் சுவத்தத் தொட வேணாம்” என்றார் பாஸ்டர். மூப்பரும் சரி என்றார்.

வல்லக்கோட்டைக்கு மதியம் போனதில் நடை சாத்தியிருந்தது. அம்மாவின் கோபம் மாலை நான்கு மணிக்குத் திறந்தபின் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து நூலை மறுபடி புரட்டினேன். பரலோகத்தில் நிற்கிறார்கள் என்று உபதேசியார் ஓரிடத்திலும் எழுதவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. அதை அவர் விட்டுவிட்டார். படித்தவர்கள் அவரவர் உடம்பை வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை பத்தரை மணிக்கு மேல் போங்கள்; ஆராதனைக்கு இடையூறு இருக்காது. வழி வேண்டுமென்றால் கீழே கருத்துப் பெட்டியில் கேளுங்கள். கூட்ரோட்டுக்குத் திரும்ப ஆட்டோ கிடைப்பது கடினம், வந்த ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியத்தில் இப்போது பலருக்கு முழங்காலுக்குக் கீழே சுரண்டிய சிமெண்ட்தான் தெரியும். ரூபி அக்காவுக்கு ஓ.டி. இல்லாத ஞாயிறுகள் மட்டுமே உண்டு என்பதால் பொங்கல் தாண்டியும் இழுக்கும். உட்கார்ந்து காட்ட ஆள் தேவைப்படுகிறது. போகும்போது கையில் ஏதாவது வேலை எடுத்துக்கொண்டு போங்கள்.